உஷார்! ‘விளம்பரக் கம்பெனிக்கு ட்ரெய்னி தேவை’

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளைக் குறிவைத்துத்தான் இந்த அழைப்பு வருகிறது. “விளம்பரக் கம்பெனிக்கு ட்ரெய்னி தேவை. அனுபவம் வேண்டாம். சாப்பாடு, தங்குமிடம் இலவசம்.” கீழே ஒரு போன் நம்பர் மட்டும் இருக்கும், கம்பெனியின் பெயர் இருக்காது. யட்டியாந்தோட்டைத் தம்பி, தங்கைமாரே, பஸ் ஏறுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். அங்கே நீங்கள் இழக்கப்போவது, ரப்பர் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் உங்களைப் படிக்க வைத்த அம்மா காதுத் தோட்டை அடகு வைத்துத் தரப்போகும் பணம்.

போய்ச் சேர்ந்தால் பலவிதமாக நடக்கும். சில இடங்களில் ‘மார்க்கெட்டிங் பயிற்சி’ என்று தோளில் ஒரு பையை மாட்டி, வீடு வீடாகப் பொருள் விற்க விடுவார்கள். சம்பளம் கிடையாது, கொமிஷன் மட்டும்தான். வேறு சில இடங்களில் சேரும்போதே பணம் கேட்பார்கள். பிறகு உங்களுக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்க்கச் சொல்வார்கள். அதுதான் பிரமிட் திட்டம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடைசெய்கிறது. நடத்துவது மட்டுமல்ல, அதை ஊக்குவிப்பதும் விளம்பரப்படுத்துவதும் குற்றம். அதாவது பக்கத்து லயத்துத் தோழியை நீங்கள் சேர்த்துவிட்ட நிமிடத்தில் ஏமாந்தவர் என்ற இடத்திலிருந்து குற்றம் செய்தவர் என்ற இடத்துக்கு நீங்கள் போய்விடலாம்.

போனிலேயே நடக்கும் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங் இன்டர்ன்ஷிப்’ இன்னும் மோசமானது. வீடியோவுக்கு லைக் போட்டால் முதலில் சில நூறு ரூபாய் உண்மையாகவே வரும். நம்பிக்கை வந்ததும், ‘அடுத்த கட்டத்துக்கு’ நீங்கள் பணம் போட வேண்டும் என்பார்கள். அல்லது உங்கள் வங்கிக் கணக்கைக் கேட்பார்கள்: வரும் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுவதுதான் வேலை என்பார்கள். அது இன்னொருவரிடம் திருடிய பணமாக இருக்கும். பொலிஸ் தேடி வரும்போது கணக்கில் இருப்பது உங்கள் பெயர்தான்.

வெளிநாடு என்றால் இரட்டிப்பு உஷார்! தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று விசிட் விசாவில் போன இலங்கைப் பிள்ளைகளை மியன்மாரின் மியாவடிப் பகுதி இணைய மோசடி முகாம்களில் அடைத்து, அடித்து வேலை வாங்கினார்கள். அப்படி அழைப்பு வந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள்.

இவ்வளவையும் சொல்வது, விளம்பரத் துறைக்கே போகாதீர்கள் என்பதற்காக அல்ல. போக வேண்டும். இலங்கையில் பெரிய விளம்பரங்கள் பெரும்பாலும் மூன்று மொழியிலும் வருகின்றன. ஆனால் பல விளம்பரங்களைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ யோசித்து முடித்துவிட்டு, கடைசி நேரத்தில்தான் தமிழுக்கு மாற்றுகிறார்கள். ரேடியோவில் வரும் அந்த ஒட்டாத தமிழைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வளர்ந்து இரண்டு மொழியும் சரளமாகப் பேசும் உங்களைப் போன்ற கேகாலைத் தோட்டப் பிள்ளைக்கு அங்கே நிச்சயம் வேலை இருக்கிறது.

நல்ல ஏஜென்சி தூணில் நோட்டீஸ் ஒட்டி ஆள் பிடிக்காது. நீங்கள்தான் தேடிப் போய் எழுத வேண்டும். கேட்கச் சகிக்காத தமிழ் விளம்பரங்கள் சிலவற்றை எடுத்து உங்கள் தமிழில் திருப்பி எழுதுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி சேருங்கள். அதுதான் உங்கள் போர்ட்ஃபோலியோ. ஏஜென்சியின் இணையத்தளத்தில் இருக்கும் ஈமெயிலுக்கே அனுப்புங்கள். அழைப்பு வந்தால் கம்பெனிப் பதிவாளர் திணைக்களத்தின் தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவு இருந்தாலே யோக்கியம் என்று ஆகிவிடாது. பதிவே இல்லையென்றால் போகவே வேண்டாம். டிப்ளோமாவுக்குக் காசு கட்டினால் இன்டர்ன்ஷிப் நிச்சயம் என்கிறார்களா? அந்த நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடையாள அட்டையின் பிரதியைக் கொடுக்கலாம். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். எத்தனை மாதம், கொடுப்பனவு எவ்வளவு, யாருக்குக் கீழே வேலை என்பதெல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். கொழும்பில் போர்டிங் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் அந்தக் கொடுப்பனவு போதுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

சேர்ந்தபின் மொழிபெயர்ப்பு மேசையிலேயே முடங்கிவிடாதீர்கள். வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்ற பிரீஃபை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். ஒலிப்பதிவுக்குப் போகும்போது கூடவே போகக் கேளுங்கள். நீங்கள் எழுதியதில் வெளிவந்தவற்றைக் காட்ட அனுமதி வாங்கி வையுங்கள். என்னென்ன செய்தீர்கள் என்று விவரமாக எழுதிய கடிதம் இல்லாமல் வெளியேறாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வட்ஸ்அப் செய்திகளையும் வைப்புச் சீட்டையும் அழிக்காமல், அன்றே வங்கிக்கும் பொலிஸுக்கும் சொல்லுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க அரசியலமைப்பே உரிமை தருகிறது. பொலிஸார் அதைச் சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். விளங்கிய பிறகு மட்டும் கையெழுத்து வையுங்கள்.