பட்டை ரம்பத்திற்கேற்ற அலகு

கொல்கத்தாவிற்கு எதிரே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள ஹௌராவில் சிறு பொறியியல் பட்டறைகள் பல உள்ளன. இத்தகைய பட்டறைகளில் உலோகம் அறுக்கும் பட்டை ரம்பத்திற்குத் தகாத அலகைப் பூட்டினால், அலகும் வேலையும் பாழாகும்.

எந்நேரமும் மூன்று பற்களேனும் உலோகத்தில் பதிந்திருத்தல் வேண்டும் என்பதே முதல் விதி. எட்டில் ஓர் அங்குலத் தடிப்புள்ள தகட்டிற்கு அங்குலத்திற்கு 24 பற்கள் தேவை. 4 பற்களே இருப்பின், தகட்டின் விளிம்பு இரு பற்களுக்கிடையே சிக்கிப் பல் ஒடியும்.

மாறாக, 4 அங்குல விட்டமுள்ள எஃகுத் தண்டின் நடுவில், 24 பல் அலகின் 96 பற்கள் ஒருங்கே பதியும். சீவல் தங்க இடமின்றிப் பல்லிடைகள் அடைபடும். இதற்கு 4 பல் அலகே ஏற்றது.

குழாயாயின் விட்டத்தையன்று, சுவரின் தடிப்பையே முதலிற் கருதுக. அலகைத் தேர்வதற்கு முன் அளவுகோலை எடுக்க மாணவரைப் பழக்குதல் நன்று.