முழுவுரைத் தேடலில் மறையும் தமிழ்ச் சொற்கள்: எண்குறி மாற்றமும் தீர்வும்

முன்னுரை

தரவுத்தளத்தில் ஒரு சொல்லைத் தேடி ‘முடிவுகள் இல்லை’ என வந்தால், அச்சொல் அத்தொகுப்பில் வழங்கவில்லை என ஆய்வாளர் கொள்வது இயல்பு. சொல் அங்கேயே வேறு வடிவில் சேமிக்கப்பட்டிருப்பின் அம்முடிவு பிழையாகும். அவ்வாறு நேரும் முறையையும் அதனைக் களையும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எண்குறி மாற்றம்

தமிழை ஏற்காத பழைய குறியாக்கத்தில் அமைந்த இணையப் படிவத்தில் தமிழை உள்ளிட்டால், உலாவி ஒவ்வோர் ஒருங்குறிக் குறியையும் எண்ணாக மாற்றி அனுப்பும். ‘வ’ என்பது &#2997; என்றாகும். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளரின் வழக்குச் சொற்களை இத்தகைய படிவத்தின்வழித் திரட்டியதாகக் கொள்வோம். ‘வீரபாண்டி’ என்னும் ஊர்ப்பெயர் எழுத்தால் ஐந்து. ஒருங்குறியில் ஒன்பது குறிகள். மாற்றத்திற்குப் பின் 63 வரியுருக்கள். உலாவி அதனைத் திரையில் மீண்டும் தமிழாகவே காட்டுவதால் பிழை புலப்படுவதில்லை.

தேடலில் நேர்வது

முழுவுரைத் தேடல், கணினி முன்கூட்டியே ஆக்கிவைக்கும் சொல்லடைவைச் சார்ந்தது. மைஎஸ்கியூஎல்லின் இயல்பான அமைவு &, #, ; ஆகியவற்றைச் சொல்லெல்லையாகக் கொண்டு, 2997, 3008 என எண்களையே சொற்களாக அடைவுசெய்யும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் ஆங்கில அமைவோ இக்குறிகளை அடைவில் சேர்ப்பதே இல்லை. இரண்டிலும் ‘வீரபாண்டி’ அகப்படாது. முன்னதில் மற்றொரு தீங்கும் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய எண் 3021. எனவே 3021 என்னும் ரசீது எண்ணைத் தேடினால், புள்ளியெழுத்துடைய தொடர்பற்ற பதிவுகளும் வந்து நிற்கும்.

தீர்வு

முதலில் மூலத்தரவைப் படியெடுத்து வைத்தல் வேண்டும். பின்னர் ‘&#’ என்னும் தொடர் உள்ள பதிவுகளைக் கண்டறிதல் வேண்டும்; இக்குறிகள் அடைவில் இடம்பெறாமையால் சாதாரணச் சரத்தேடலே இதற்குப் பயன்படும். அப்பதிவுகளைத் தமிழ் எழுத்துகளாக மீட்டல் அடுத்த படி. சில பதிவுகளில் & குறியே மறுபடியும் மாற்றப்பட்டிருக்கும்; அவற்றை இருமுறை மீட்க வேண்டும். ‘கொ’ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறி ஒரே குறியாகவும் இரு குறிகளாகவும் பதிவாகக்கூடும் ஆதலால், ஒருங்குறி இயல்பாக்கத்தால் ஒரே வடிவுக்குக் கொணர்தல் நன்று. இறுதியில் அடைவைப் புதிதாக ஆக்குதல் வேண்டும்.

முடிவுரை

‘இச்சொல் வழங்கவில்லை’ என எழுதுமுன், தொகுப்பில் இருப்பதாக உறுதியாக அறிந்த சொல்லொன்றைத் தேடிப் பார்த்தல் ஆய்வாளர் கடமை. அதுவும் அகப்படவில்லையெனில், குறை தேடலில் உள்ளது. மக்கள் வழக்கில் அன்று.