காற்றுக்குத் தைத்த சித்திரங்கள்

கண்டி மாநகரின் எசல பெரஹராவைப் பற்றி எழுதுவோர், புனித தந்ததாதுப் பேழையைச் சுமந்து வரும் கொம்பன் யானையையும், சவுக்கடிக்காரரையும், மேளக்காரரையும், நடனக் கலைஞரையும் விஸ்தாரமாக வர்ணிப்பதுண்டு. ஆனால் யானைகளின் நெற்றியையும் துதிக்கையையும் மேனியையும் மூடியிருக்கும் போர்வைகளிலும், ஊர்வலத்தின் முன்வரிசையில் ஏந்திவரும் கொடிகளிலும், தைத்துப் பதித்திருக்கும் அன்னங்களையும் தாமரைகளையும் பூங்கொடிகளையும் நின்று பார்த்துப் பேசுவோர் மிகச் சிலரே. அந்தத் தையலைப் பற்றியும், அதைக் கற்ற கை ஒரு பட்டத்தைத் தைக்கப் புகுந்தால் எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும் என்பதைப் பற்றியுமே இங்கு எழுத விரும்புகிறேன்.

ஒரு நிறத் துணியை அன்னத்தின் வடிவில் வெட்டி, வேறு நிறத் துணியின் மீது வைத்து, ஓரத்தை ஊசி முனையால் ஒரு நெல்லின் அகலத்துக்கு உள்ளே மடக்கிக்கொண்டே, நூல் வெளியே தெரியாதபடி மறைதையல் போட்டுப் போவதுதான் ஒட்டுத் தையல். நீண்ட கழுத்தின் வளைவில் துணி தானாக மடங்காது. உள்ளோரத்தில் சிறு சிறு வெட்டுக்கள் கொடுத்தால்தான் இணங்கும். அலகின் நுனியிலோ, மடிப்பதற்கு இரண்டொரு இழைகளே எஞ்சியிருக்கும். அவ்விடத்தில் தையற்காரரின் பெருவிரல் துணியை அழுத்திப் பிடித்திருக்கும் அழகே தனி. அலகு கூர்மையாக அமைந்துவிட்டால், சிறகுகளின் கோடுகளைச் சங்கிலித் தையலால் எழுதிவிடலாம்.

இந்தச் சித்திரங்களுக்கு ராஜ்ய சரித்திரம் உண்டு. கண்டி அரசின் கீழிருந்த மாகாணங்கள் தத்தமக்குரிய கொடிகளை வைத்திருந்தன. சதர கோறளைக்குச் சூரியனும் சந்திரனும், ஊவாவுக்கு அன்னமும் சின்னங்களாயிருந்தன. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி ராஜ்யம் ஆங்கிலேயர் வசமான பின்னர், நாயக்க வம்சத்தின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிங்கக் கொடி கடல் கடந்து, லண்டன் செல்சியிலுள்ள பழைய போர்வீரர் இல்லத்தில் தங்கிவிட்டது. அதை அங்கே கண்டறிந்தவர் ஈ. டபிள்யூ. பெரேரா. 1915இல் ‘தினமின’ பத்திரிகையில் அதன் படம் வெளியாயிற்று; அடுத்த ஆண்டு சிங்களக் கொடிகளைப் பற்றி ஒரு நூலையே அவர் வெளியிட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, நம் தமிழ்க் குடியிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிப் பிரதேசத்தின் கைவினைகளை ஊர் ஊராகத் தேடிப் பார்த்து, 1908இல் தம் பெருநூலை வெளியிட்டிருந்தார். அந்நூலுக்குப் புகைப்படங்கள் எடுத்த அவருடைய மனைவி எதெல், பிற்காலத்தில் இங்கிலாந்தில் கைத்தறி நெசவுக்குப் புத்துயிர் அளித்தவர்களுள் ஒருவரானார். கண்டிக் கிராமங்களில் அவர் கண்ட ஊசி வேலைக்கும் அதில் ஒரு பங்கு இருந்திருக்கும் என்று எண்ணுவதில் எனக்குப் பெரும் சந்தோஷம்.

இது நமக்கு அந்நியமான கலையும் அன்று. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமக உற்சவத்தின்போது ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன. தேர்ச்சீலையும் தொம்பையும் தைக்கிற தமிழ்க் கை, கண்டிக் கொடி தைக்கிற கைக்கு உறவு முறையானதே. கண்டிக்கு அருகே, கதிர்காமக் கடவுளுக்குரிய எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களில், பின்னிப் பிணைந்த அன்னங்களும் இருதலைப் பறவையும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒட்டுத் தையலுக்கு மாதிரி தேடுவோர் அவற்றைக் காட்டிலும் நல்லவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பட்டம் என்றவுடன் காகிதமே நம் நினைவுக்கு வரும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் விண் என்னும் ஒலிநாண் கூவ ஏறுகின்ற பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? ஆயினும் துணிப்பட்டத்தின் பெருமையும் சிறிதன்று. 1948இல் அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் ரொகாலோ சட்டமில்லாத பட்டம் ஒன்றை உருவாக்கியபோது, வீட்டு ஜன்னல் திரைச்சீலையை எடுத்து அதைத் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி ஜெர்ட்ரூட். பிற்காலத்தில் மனிதனைச் சுமந்து பறந்த துணிச் சிறகுகள் பலவற்றுக்கு அது மூலமாயிற்று.

கொடிக்கும் பட்டத்துக்குமுள்ள பேதம் வெளிச்சத்தில் இருக்கிறது. பெரஹராவின் கொடியும் யானைப் போர்வையும் இரவுக்காகப் பிறந்தவை; இரும்புக் கூடுகளில் எரியும் தேங்காய்க் கொப்பரையின் தீயொளி அவற்றின் முகத்தில் பட்டுத் திரும்புவதே அவற்றின் சோபை; ஆகவே வெல்வெட்டின் மேல் ஜிகினாவும் பொன்னிழையுமாக எவ்வளவு கனத்தை ஏற்றினாலும் யானை சுமக்கும். பட்டத்தையோ நாம் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். சூரியன் அதற்குப் பின்னால் நிற்கிறது. சிவப்பின் அடியில் மஞ்சள் துணி தங்கிவிட்டால் இரண்டு நிறமும் கலந்து மங்கும். அடுக்கு மிகுந்த பக்கமாகப் பட்டம் சாயும்.

ஆதலால் இங்கே முறை தலைகீழாகிறது. சதுர மீட்டருக்கு 40, 50 கிராம் நிறையுள்ள மெல்லிய நைலோன் துணி இதற்கு ஏற்றது; கட்டங்கட்டமாகத் தடித்த இழை ஓடுவதால் கிழிசல் பரவாது; அது கிடைக்காவிடில் குடைத்துணி போதும். வேண்டிய நிறங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, மேல் துணியில் சித்திரத்தை எழுதி, எழுதிய கோட்டின் மீதே தையல் இயந்திரத்தால் நெருக்கமான ஸிக்ஸாக் தையலை எல்லா அடுக்குகளையும் பிடித்து ஓட்டிவிட வேண்டும். அதன் பிறகே உண்மையான வேலை தொடங்குகிறது: நுனி மெல்லிய கத்தரிக்கோலைக் கொண்டு, இங்கே முன்புறத்திலும் அங்கே பின்புறத்திலுமாக, வேண்டாத அடுக்குகளைத் தையலின் ஓரத்தோடு நறுக்கி எடுத்து, ஒவ்வோரிடத்திலும் ஒரே ஒரு துணி மட்டும் எஞ்சும்படி செய்ய வேண்டும். கொடி தைப்பவர் சேர்த்துச் சேர்த்துச் சித்திரம் காண்கிறார். பட்டம் தைப்பவர் நீக்கி நீக்கிக் காண்கிறார். இவ்வளவு நாணயமான வேலை தையற்கலையில் வேறு உண்டோ என்று எனக்குத் தோன்றுகிறது. கத்தரிக்கோல் ஓர் இழை தவறினாலும் வானம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மூலைகளில் தடித்த துணியால் சிறு பைகள் தைத்து, மூங்கில் சலாகைகளை அவற்றில் செருகி, பறக்கவிடும் நூல் பிணையும் முச்சைக் கயிற்றைக் கட்டிவிட்டால் பட்டம் தயார். பெரஹரா நடக்கும் எசல மாதத்தில் தென்மேற்குக் காற்று வீசுமாயினும், மலை சூழ்ந்த கண்டி நகரின் உள்ளே அது சுழன்று சுழன்று ஏமாற்றும். பேராதனைப் பக்கமாக ஹந்தானையின் புல்வெளிச் சரிவுகளுக்கு ஏறிவிட்டால் சீராகக் கிடைக்கும். காற்று பலமாயிருந்தால் முச்சையின் முடிச்சைச் சற்று மேலே நகர்த்த வேண்டும்; பட்டம் காற்றுக்குக் குறைவாக முகங்கொடுத்து, துணி கிழியாமல் நிற்கும்.

முதன்முதலாகத் தைப்பவர்கள் அன்னத்தைத் தொட வேண்டாம். சதர கோறளைக் கொடியின் சூரிய சந்திரரையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் நடுச்சலாகையின் மேல் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் இரு பக்கத்து நிறையும் சமமாகும். சூரிய வட்டம் இயந்திரத்துக்கு எளிது. பிறையின் இரு கூர்முனைகளில் மட்டும், தையல் திரும்புமிடத்தில் ஊசியைத் துணிக்குள் நிறுத்தி, இயந்திரத்தின் அழுத்துபாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பிக்கொண்டு, மெல்ல மெல்லப் போக வேண்டும்.