பாசி வளர்த்தவருக்கா, பாதிப்பைச் சொன்னவருக்கா விருது?

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு விருது கொடுப்பது சுலபம். ஆய்வு நடக்கும்போது யாருக்கும் கேடு வராமல் பார்த்துக்கொண்டவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? நடக்காமல் போன விபத்தைப் படம் பிடித்துக் காட்ட முடியாது. அப்படியும் உலகின் கல்வி நிறுவனங்கள் இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் மோதும் ஐஜெம் என்ற செயற்கை உயிரியல் போட்டியில் பாதுகாப்புக்கென்றே தனிப் பரிசு உண்டு. சென்னை ஐஐடி மாணவர்களும் அந்தப் போட்டியில் கலந்துகொண்டிருக்கிறார்கள். பெர்லினில் ஐன்ஸ்டைன் அறக்கட்டளை 2021 முதல் ஆய்வின் தரத்தைக் காப்பவர்களுக்கு விருது தருகிறது. நம் ஊரில் பிஎச்டி சேருபவர் ஆய்வு நெறிமுறை பற்றி இரண்டு கிரெடிட் பாடம் படித்தே ஆக வேண்டும் என்று யுஜிசி சொல்லிவிட்டது.

பாடம் சரி. விருது என்று வந்தால் எதை வைத்து மதிப்பிடுவது? இதை யோசிக்க இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம் கடற்கரை போதும். பக்கத்துப் புதுமடத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு மையம் இருக்கிறது. மண்டபத்தில் மத்திய அரசின் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டின் கிளைகளும் இயங்குகின்றன. வடக்கே தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை. எதிரே 21 தீவுகளைச் சுற்றிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. இவ்வளவு ஆய்வாளர்கள் வந்து போகும் கரை தமிழ்நாட்டில் வேறு அதிகமில்லை.

இங்கே நடந்த ஒரு பெரிய பரிசோதனையின் பெயர் கப்பாபைகஸ். மீனவர்கள் வாயில் அது ‘பெப்சி பாசி’. ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்க உதவும் கராஜீனன் என்ற பொருள் இதிலிருந்து கிடைக்கிறது. மன்னார் வளைகுடாவுக்கு உரியதல்ல இது. உப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1984-ல் ஜப்பானிலிருந்து வாங்கி வந்து முதலில் குஜராத் கடலில் வளர்த்துப் பார்த்தது. 1995-ல் மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. 2000-ஐ ஒட்டி பெப்சி நிறுவனம் களத்தில் இறங்கியது. பெயர்க் காரணமும் அதுதான்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் மூங்கில் மிதவை. குறுக்கே வரிசையாகக் கயிறுகள். கரையில் உட்கார்ந்து பெண்கள் பாசியைத் துண்டு துண்டாக முடிந்து கட்ட, மிதவை கடலுக்குள் போகும். 45 நாளில் அறுவடை. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இது நல்ல வருமானம் என்பதில் சந்தேகமில்லை. அந்த வருமானத்தைக் கணக்கில் கொள்ளாமல் பாசியைத் திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இந்தப் பாசி பரவுவதற்கு விதையோ வித்தோ தேவையில்லை. அலையில் ஒடிந்த துண்டு ஒன்று பவளப்பாறையில் தங்கினால் போதும், அங்கேயே வளரும். பாறை மேல் பாய் விரித்ததுபோல் மூடிக்கொண்டால் கீழே இருக்கும் பவள உயிருக்கு வெளிச்சம் போய்ச் சேராது. மிதவையின் அடியில் வலை கட்டுவது மீன் தின்னாமல் இருக்க மட்டுமில்லை, ஒடிந்த துண்டு கடலில் போகாமல் இருக்கவும்தான். தமிழக அரசு 2005 டிசம்பரில் ஓர் ஆணை போட்டு, பாக் விரிகுடாவுக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் வளர்க்கலாம் என்றது. தேசியப் பூங்காவை விலக்கி வைக்கும் ஏற்பாடு அது.

2008-ல் மதுரை தியாகராசர் கல்லூரியின் எஸ்.சந்திரசேகரன் குழுவினர் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளத்தின் மேல் ஏறிவிட்டது என்பதே செய்தி. பிறகு சிங்கிள் தீவு, பூமரிச்சான் என்று பட்டியல் நீண்டது. கீழக்கரைக் கூட்டத்தில் உள்ள முல்லித் தீவிலும் பார்த்தார்கள். பாதிப்பை மிகைப்படுத்துகிறார்கள் என்று வாதாடிய அறிவியலாளர்களும் உண்டு. இருந்தாலும் பாறையில் ஒட்டிய பாசியை ஆள் வைத்துக் கையால் பிய்த்தெடுக்க வேண்டி வந்தது.

இது முன்கூட்டித் தெரியாத ஆபத்தும் இல்லை. 1970-களில் ஹவாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேக்ஸ்வெல் டோட்டி இதே வகைப் பாசிகளை அங்குள்ள கனேயோஹே விரிகுடாவில் ஆய்வுக்காக வளர்த்தார். ஆரம்ப ஆண்டுகளில், அவ்வளவாகப் பரவாது என்றே நினைத்தார்கள். 1990-களின் பிற்பாதியில் மறுபடி அளந்தபோதுதான் விரிகுடாவில் வெகுதூரம் போயிருப்பது தெரிந்தது. கடைசியில் அதே பல்கலைக்கழகம் மற்றவர்களுடன் சேர்ந்து, பாசியை உறிஞ்சியெடுக்கும் ராட்சதக் குழாய் பொருத்திய படகை உருவாக்கியது. ஹவாயில் விடை வந்து சில ஆண்டுகளே ஆன நிலையில்தான் மண்டபத்தில் மிதவைகள் பெருகின.

விருதுக் குழுவில் என்னை உட்கார வைத்தால் 2008 கட்டுரைக்குத்தான் என் வாக்கு. மத்திய அரசு நிறுவனம் ஊக்குவிக்கும், பெரிய நிறுவனம் முதலீடு செய்யும், ஏழைப் பெண்களுக்கு வருமானம் தரும் ஒரு திட்டத்தைப் பற்றி ஒரு கல்லூரி ஆசிரியர் ‘கொஞ்சம் பாருங்கள்’ என்று எழுதுவது சின்ன விஷயமில்லை.

இன்னொரு வாக்கு இருந்தால் பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர்களுக்குப் போடுவேன். கப்பாபைகஸ் வருவதற்கு முன்பே மரிக்கொழுந்து பாசியும் கட்டக்கோரையும் எடுத்துப் பிழைத்தவர்கள் இந்தக் கரைப் பெண்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி முங்குவார்கள். தீவுப் பக்கம் போகத் தடை வந்தபோது கூட்டமைப்பாகச் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது. பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது, 10,000 டாலர், கிடைத்தது இதற்காகத்தான். எந்த நெறிமுறைக் குழுவும் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்காது.

கொடுக்கல் வாங்கலிலும் இந்தக் கரை முன்னோடி. உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002-ல் வந்தபின், சென்னையில் இருக்கும் தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்துக்கு பெப்சி நிறுவனம் ஏற்றுமதி செய்த பாசியின் மதிப்பில் 5 சதவீதத்தை, உயிரியல் வளத்தைப் பயன்படுத்தியதற்கான உரிமைத்தொகையாகக் கட்டியது. நாட்டில் இப்படி வந்த ஆரம்பகாலத் தொகைகளில் அது ஒன்று. தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடியினர் 2017-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எங்களைப் பற்றி ஆய்வு செய்கிறவர் மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை நான்கையும் காட்ட வேண்டும் என்று தங்கள் நெறிமுறையைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். உயிருள்ள பாசியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர மத்திய மீன்வளத் துறை 2024-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தேசியக் குழுவின் ஒப்புதல், தனிமைப்படுத்தல், அதன் பிறகு கண்காணிப்பு எல்லாம் அதில் உள்ளன. 1984-க்கு இது எவ்வளவோ முன்னேற்றம். கண்காணிப்பு அறிக்கை தமிழில் கரைக்கு வந்து சேருமா என்பதுதான் பாக்கி. விருது ஏற்படுத்த நினைக்கும் பல்கலைக்கழகம் இந்த ஒன்றையே தகுதியாக வைக்கலாம். நடுவர்களில் ஒருவராகப் பாசி எடுக்கும் பெண்ணும் இருக்கட்டும்.

விருது வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும். உங்கள் ஊர்க் கடலில் யார், எதை, எதற்காக எடுக்கிறார்கள் என்று அந்தக் குழுவிடம் கேளுங்கள். அடுத்த கிராமசபைக் கூட்டத்திலேயே கேட்கலாம்.