பக்கத்து வீட்டு வேன்

வீட்டை விற்கப் போடுவதற்கு இரண்டு நாளுக்கு முன்னம் ஏஜண்ட் வந்து சுற்றிப் பார்த்தார். குசினி சரி, பேஸ்மென்ட் சரி. வாசலுக்கு வந்தவர் பக்கத்து வீட்டை ஒருக்கால் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த வேன் படத்திலை விழுந்தால் சரிவராது. நாலு நாளைக்கு எங்கயாவது விடச் சொல்லிக் கேளுங்கோ" என்றார்.

உயரமான வெள்ளை வேன். பக்கவாட்டிலை ஒரு மணவறைப் படமும் தொலைபேசி இலக்கமும். அண்ணைக்கு கிழமை நாட்களில் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறுகளில் கல்யாணம், சாமத்தியவீடு என்று மண்டப அலங்காரம். என்னுடைய மகளின் முதலாவது பிறந்தநாளுக்குப் பலூன் வளைவு வந்ததும் அந்த வேனிலைதான். கூச்சத்தோடு போய்க் கேட்டேன். "அதுக்கென்ன தம்பி" என்று ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

வீடு விற்கவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டுப் பலகையைக் கழற்றினோம். வேன் எப்பவோ திரும்பி வந்துவிட்டது. நாங்களும் அங்கேதான் இருக்கிறோம்.

வேன் நின்றால் விலை குறையுமா? நான் கணினிக்காரன், இலக்கங்களைப் பார்க்காமல் இருக்க ஏலாது. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தில் சராசரி வீட்டு விலை 13 லட்சத்து 34 ஆயிரம் டொலர். அடுத்த மாதம் கனடா மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. 0.25 வீதமாக இருந்தது 2023 ஜூலையில் 5 வீதத்துக்கு வந்தது. 2024 முழு வருசத்துச் சராசரி ஏறக்குறைய 11 லட்சத்து 18 ஆயிரம். இரண்டு லட்சத்துக்கு மேலே போய்விட்டது. எங்கள் தெருவில் அந்தக் காலம் முழுக்க அதே வேன் அதே இடத்திலைதான் நின்றது. விலை ஏறின நாளிலும் நின்றது, இறங்கின நாளிலும் நின்றது.

ஆனாலும் பயம் பொய்யில்லை. எங்களில் பலருக்கு வீடுதான் முழுச் சேமிப்பும். உடுத்த உடுப்போடு வந்த அப்பா அம்மா இரண்டு வேலை செய்து கட்டின காசு அதுக்குள்ளே கிடக்குது. அதிலை ஆயிரம் டொலர் குறையும் என்று யாராவது சொன்னாலே நெஞ்சு அடிக்கும். அந்தப் பயத்தோடைதான் பக்கத்து வீட்டு டிரைவ்வேயைப் பார்க்கிறோம். யாழ்ப்பாணத்தில் வேலிக்குத்தான் வழக்கு, ஒரு கதியால் அரையடி தள்ளிப்போனால் பரம்பரைக்கும் கதை பேச்சில்லை. இங்கே முன்வளவில் வேலியே இல்லை. சண்டை டிரைவ்வேக்கு வந்துவிட்டது.

மார்க்கத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை வீதியில் வாகனம் விடக்கூடாது. ஆகவே எல்லாம் டிரைவ்வேக்குள்தான். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பேஸ்மென்டில் ஒரு குடும்பம் என்றால் ஐந்து கார். கராஜுக்குள்ளே அண்டாவும் பழைய சோபாவும். டிரைவ்வேயை நினைத்தபடி அகலப்படுத்தவும் விதி விடாது. வணிக வாகனம், ட்ரெய்லர், படகு போன்றவற்றுக்குத் தனியாகக் கட்டுப்பாடு உண்டு. 2024 ஜனவரியில் நகரசபை முழு மார்க்கத்துக்கும் புதிய நிலப்பயன்பாட்டு விதித்தொகுப்பு ஒன்றை நிறைவேற்றியது. வாசித்துப் பாருங்கோ, நித்திரை நல்லா வரும்.

விதிகளில் நியாயமானவை நிறைய. நடைபாதையை மறித்து வண்டி நின்றால் சில்லு நாற்காலியில் வருகிறவர் வீதியில் இறங்கவேண்டும். உயரமான வண்டியால் பின்பக்கமாகக் கார் எடுக்கிறவருக்குச் சைக்கிளில் வருகிற பிள்ளை தெரியாது. விடிய ஐந்து மணிக்கு டீசல் எஞ்சினைச் சூடாக்கினால் கைக்குழந்தை எழும்பும். புல்லையெல்லாம் பிடுங்கிக் கொங்கிரீட் போட்டால் மழைத்தண்ணி எங்கே போகும்? 2005 ஓகஸ்ட் 19 மழையில் தோர்ன்ஹில் பக்கம் பேஸ்மென்ட்களுக்குள் தண்ணி புகுந்தது, அதுக்குப் பிறகுதான் நகரம் பெரிய செலவில் வடிகால் திருத்தத் தொடங்கியது. இதெல்லாம் பாதுகாப்பு, காது, தண்ணி சம்பந்தப்பட்ட காரணங்கள். "பார்க்க வடிவில்லை" என்பது வேறு சாதிக் காரணம்.

அமெரிக்காவில், மயாமிக்குப் பக்கத்தில் கோரல் கேபிள்ஸ் என்ற பணக்கார நகரம். அங்கே இரவில் பிக்கப் ட்ரக்கை வீட்டு வாசலில் விடக்கூடாது என்று விதி இருந்தது, கராஜுக்குள் மூடி வைக்கவேணும். 2003 இல் தண்டம் வாங்கின ஒருவர் நீதிமன்றம் போனார். 2007 இல் மேன்முறையீட்டில் வென்றார். 2010 இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு நகரத்தின் பக்கம் திரும்பியது, நகரத்தின் தோற்றத்தைக் காப்பாற்ற விதி போடலாம் என்று. கடைசியில் 2012 நவம்பரில் மக்களே வாக்குப்போட்டு விதியைத் தளர்த்தினார்கள். அந்த நகரத்து வீட்டு விலை இன்றைக்கும் எங்களுக்கு எட்டாது.

ஒன்ராறியோவிலும் ஒரு கதை உண்டு. புதுக் குடியிருப்புகளில் பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கொடியே கட்டக்கூடாது என்று கட்டடக்காரர் ஒப்பந்தத்தில் எழுதி வைத்தார்கள். எங்கட யோர்க் பிராந்தியத்து ஔரோராவின் அப்போதைய மேயர் ஃபிலிஸ் மோரிஸ் இதை எதிர்த்து நின்றார். 2008 இல் மாகாண அரசு அந்தத் தடைகளைச் செல்லாமல் பண்ணியது. இன்றைக்குக் கொடி கட்டினதால் விலை விழுந்தது என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இன்னும் பின்னால் போனால் சிரிப்பு வராது. ஒரு காலத்தில் ரொறன்ரோவில் சில காணி உறுதிகளில் யூதருக்கும் "விரும்பத்தகாத" நாட்டினருக்கும் விற்கக்கூடாது என்று எழுதியிருந்தது. 1945 இல் ட்ரமண்ட் ரென் வழக்கில் நீதிபதி கீலர் மக்காய் அப்படியொரு நிபந்தனையைச் செல்லாது என்றார். 1995 இல் இதே மார்க்கத்தில் துணை மேயராக இருந்த கரோல் பெல், சீனர்கள் ஓரிடத்தில் கூடுவதால் பழைய ஆட்கள் ஊரை விட்டுப் போகினம் என்று சொல்லி பெரிய எதிர்ப்பு வந்தது. வேனையும் மனிதரையும் ஒன்றாக்கவில்லை. "எங்கட தெருவுக்கு இது பொருந்தாது" என்று நாங்கள் சொல்லும்போது, இதே வசனத்தை எங்களைப் போன்றவர்களுக்கும் யாரோ சொன்னவர்கள் என்ற நினைவு வரவேணும், அவ்வளவுதான்.

என் கருத்தில் விதி அளவைப் பார்க்கட்டும், சத்தத்தைப் பார்க்கட்டும், நடைபாதையைப் பார்க்கட்டும். பக்கவாட்டில் என்ன படம் என்பதைப் பார்க்கத் தேவையில்லை. சிறு தொழில் செய்கிறவர்கள் இரவில் வண்டி விட, நியாயமான வாடகையில் ஒரு பொதுவளவு கிடைத்தால் பாதிப் பிரச்சினை முடியும். காலையிலிருந்து பின்னேரம் வரை வெறுமையாகவும் இரவில் இன்னும் வெறுமையாகவும் கிடக்கிற வாகனத் தரிப்பிடங்கள் மார்க்கத்தில் குறைவில்லை.

இனி அண்ணையின் கதை. இந்த வசந்தகாலம் யாரோ நகரத்துக்கு முறையிட்டுவிட்டார்கள். அதிகாரி வந்து மரியாதையாகத்தான் கதைத்தார். வேன் விதியின் அளவைவிடப் பெரிது, எடுக்கச்சொல்லிக் கடிதம். முறையிட்டவரின் பெயர் சொல்லமாட்டார்கள். இப்ப அண்ணை மாத வாடகை கட்டி வேனை எங்கேயோ தூரத்தில் விடுகிறார். சனிக்கிழமை விடிய அதை எடுக்க மகன் காரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறான்.

முறையிட்டது நானில்லை. ஆனால் அந்த வேனை எடுக்கச்சொல்லி அந்தத் தெருவில் அவரிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆள் நான். முந்தி பனி தள்ளும்போது எங்கட பக்கத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். இப்ப கண்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார். அவர் என்னட்டைக் கேட்கவில்லை. நானாகப் போய் "அது நானில்லை அண்ணை" என்று எப்படித் தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை.