நகத்தளவு கார்டு

மாலை நேரம். கடைத்தெருவில் உள்ள செல்போன் கடைக்கு ஒரு பெண் வேகமாக வந்தார். கையில் போன் இருந்தது. கண்கள் கலங்கியிருந்தன.

"என்ன அக்கா, போன் கீழே விழுந்துவிட்டதா?" என்று கேட்டார் கடைக்கார இளைஞர்.

"போன் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. உள்ளே இருந்த படமெல்லாம் போய்விட்டது. எங்கள் அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவர் படம், அவர் பாடிய பாட்டு எல்லாம் இதில்தான் இருந்தன. எங்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டையும் படம் எடுத்து இதில்தான் வைத்திருந்தேன்."

"எப்படிப் போனது?"

"என் பையன் செய்த வேலை. சினிமாப் பாட்டு ஏற்ற இடமில்லை என்று போன் சொன்னதாம். எல்லாவற்றையும் தொட்டு அழித்திருக்கிறான். அப்போதும் இடம் வரவில்லை என்று குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டான்."

இளைஞர் போனை வாங்கிப் பார்த்தார். படங்கள் எல்லாம் மெமரி கார்டில் இருந்தவை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அழித்த பிறகு இந்தக் கார்டில் ஏதாவது ஏற்றினீர்களா அக்கா? புதிதாகப் படம் எடுத்தீர்களா?"

"பையன் ஒரு பாட்டு வீடியோ ஏற்றினான். நான் பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன்."

"நல்ல வேலை செய்தீர்கள். அப்படியானால் சிலது போயிருக்கும். பலது உள்ளேயே இருக்கும்."

அந்தப் பெண்ணுக்கு வியப்பு. அழித்துவிட்ட படம் எப்படி உள்ளே இருக்கும்?

கார்டுக்குள் என்ன இருக்கிறது?

போனில் போடும் மெமரி கார்டு மிகச் சிறியது. 15 மில்லி மீட்டர் நீளம், 11 மில்லி மீட்டர் அகலம். நம் விரல் நகத்தின் அளவுதான். கனம் 1 மில்லி மீட்டர். ஒரு போட்டோ 4 எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். 32 ஜி.பி. கார்டில் ஏறக்குறைய 8,000 போட்டோக்கள் அடங்கும்.

கார்டின் உள்ளே ஒரு சில்லு இருக்கிறது. அதில் பல ஆயிரம் கோடி நுண்ணிய அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஒரு குட்டிப் பானை போன்றது. பானையில் தண்ணீர் நிற்பது போல, அறையில் மின்னூட்டம் நிற்கிறது. எந்த அறையில் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. போட்டோ, பாட்டு, கடிதம் எல்லாமே இந்தக் கணக்காகத்தான் உள்ளே இருக்கின்றன.

போனை அணைத்தாலும் இந்த மின்னூட்டம் போகாது. அறையைச் சுற்றி மின்சாரம் கடத்தாத மெல்லிய சுவர் இருக்கிறது. அது மின்னூட்டத்தை வெளியே விடாமல் காக்கிறது.

இதற்கு ஃபிளாஷ் மெமரி என்று பெயர். இதைக் கண்டுபிடித்தவர் ஃபுஜியோ மசுவோகா. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். 1984இல் இதை உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன் இருந்த ஒரு வகைச் சில்லில் எழுதியதை அழிக்கப் புற ஊதா ஒளியில் பல நிமிடங்கள் வைக்க வேண்டும். புதிய சில்லிலோ கண் சிமிட்டும் நேரத்தில் அழிக்க முடிந்தது. கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சம் போல் பளிச்சென்று அழிந்ததால் உடன் வேலை செய்தவர் ஒருவர் இந்தப் பெயரைச் சொன்னார். அதுவே நிலைத்துவிட்டது.

மெமரி கார்டு, பென் டிரைவ், போனின் உள் நினைவகம் எல்லாமே இந்த வகைதான்.

அழிப்பது என்றால் என்ன?

பள்ளிக்கூடத்துச் சிலேட்டை நினைத்துப் பாருங்கள். ஓர் எழுத்து தவறிவிட்டால் அதை மட்டும் விரலால் துடைக்கலாம். ஃபிளாஷ் மெமரியில் அது முடியாது. அழிப்பதென்றால் முழுச் சிலேட்டையும் கழுவ வேண்டும். எழுதும்போது கொஞ்சம் கொஞ்சமாக எழுதலாம். அழிக்கும்போது ஒரு பெரிய பகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும்.

ஒரு படத்தை அழிக்க ஒவ்வொரு முறையும் முழுச் சிலேட்டைக் கழுவினால் நேரம் வீணாகும். அதனால் கார்டில் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கார்டில் ஒரு பட்டியல் உண்டு. புத்தகத்தின் முதல் பக்கத்தில் உள்ள பொருளடக்கம் போன்றது அது. நாம் 'அழி' என்று அழுத்தினால் பட்டியலில் அந்தப் பெயர் அடிக்கப்படுகிறது. 'இந்த இடம் காலி' என்று குறிக்கப்படுகிறது. படம் பழைய இடத்திலேயே கிடக்கிறது.

அடுத்து ஏதாவது ஏற்றும்போதுதான் ஆபத்து. காலி என்று குறித்த இடத்தில் புதியது வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு பழைய படம் திரும்பாது.

அதனால்தான் கடைக்கார இளைஞர் அந்தக் கேள்வியைக் கேட்டார். தவறி அழித்துவிட்டால் உடனே கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும். புதிதாக ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. கார்டு முழுவதையும் தேடிப் பார்த்து மீட்டெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. மீட்ட படங்களை அதே கார்டில் வைக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் வைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்த வழி மெமரி கார்டுக்கும் பென் டிரைவுக்கும் பல சமயம் பலிக்கும். போனின் உள் நினைவகத்தில் அழித்ததை மீட்பது மிகக் கடினம். அங்கே காலி இடத்தைப் போனே விரைவில் கழுவி வைத்துவிடும். தகவல்களும் சங்கேதக் குறிகளாக மாற்றப்பட்டிருக்கும். அதில் குப்பைத் தொட்டிதான் நமக்குத் துணை. பல போன்களில் அழித்த படம் 30 நாட்கள் அங்கே இருக்கும்.

சிலேட்டும் தேயும்

கழுவக் கழுவச் சிலேட்டின் கறுப்பு போய்விடும். பிறகு எழுத்து தெரியாது. ஃபிளாஷ் மெமரியும் அப்படித்தான். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அறையின் சுவர் சிறிது தேய்கிறது. ஓர் அறையில் ஒரே ஒரு குறியை மட்டும் வைக்கும் விலை உயர்ந்த சில்லு, சுமார் 1 லட்சம் முறை தாங்கும். இப்போது கடைகளில் மலிவாகக் கிடைப்பவை ஓர் அறையில் மூன்று குறிகளை அடைப்பவை. அவை ஆயிரம் முதல் சில ஆயிரம் முறை வரைதான் தாங்கும்.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கார்டுக்குள் ஒரு குட்டிக் கண்காணிப்பாளர் உண்டு. அதுவும் ஒரு சில்லுதான். ஒரே இடம் தேய்ந்துவிடாமல், வேலையை எல்லா இடங்களுக்கும் அது பிரித்துக் கொடுக்கிறது. படம் எடுத்து வைக்கும் சாதாரண வேலைக்குக் கார்டு பல ஆண்டுகள் வரும். இரவு பகலாகப் பதிவு செய்யும் கண்காணிப்புக் கேமராவில் போட்டால் சீக்கிரம் தேயும். அதற்கென்றே அதிகம் தாங்கும் கார்டுகள் தனியாக விற்கின்றன.

தேய்ந்த மண்பானையில் தண்ணீர் கசியும். தேய்ந்த கார்டிலும் மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பம் இருந்தால் கசிவு கூடும். ஆகவே கார்டையும் பென் டிரைவையும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். பெட்டிக்குள் போட்டுப் பல ஆண்டுகள் மறந்துவிடவும் கூடாது. வருடம் ஒரு முறையாவது எடுத்துப் படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். வேறோர் இடத்தில் புதுப் பிரதியும் எடுத்து வையுங்கள்.

பிடுங்க வேண்டாம்

பலர் பென் டிரைவைக் கம்ப்யூட்டரிலிருந்து சட்டென்று பிடுங்குகிறார்கள். 'காப்பி முடிந்தது' என்று திரை சொன்னாலும் வேலை சில சமயம் முடிந்திருக்காது. கடைசிச் சில தகவல்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கும். அப்போது பிடுங்கினால் அந்தப் பட்டியல் பாதியில் நின்றுவிடும். பட்டியல் கெட்டால் ஒரு படம் மட்டும் போகாது. எல்லாப் படங்களும் காணாமல் போனது போல் ஆகிவிடும். 'பாதுகாப்பாக வெளியேற்று' என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு எடுங்கள். போனிலிருந்து கார்டை எடுக்கும்போது போனை அணைத்துவிட்டு எடுங்கள்.

போலிக் கார்டு

சந்தையில் போலிக் கார்டுகளும் வருகின்றன. மேலே 128 ஜி.பி. என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது 8 ஜி.பி.தான். கண்காணிப்பாளர் சில்லு பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். முதலில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். 8 ஜி.பி. நிறைந்த பிறகு ஏற்றுபவை கெட்டுப்போகும், அல்லது பழையவற்றின் மேலேயே போய் உட்காரும். விலை மிகக் குறைவு என்றால் சந்தேகப்படுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் கார்டு நிறையும் வரை ஏற்றிப் பாருங்கள். எல்லாம் திரும்பத் திறந்தால்தான் அது நல்ல கார்டு.

32 ஜி.பி. கார்டைப் போட்டால் கம்ப்யூட்டர் 29 சொச்சம் என்று காட்டலாம். அது ஏமாற்று அல்ல. கார்டு செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். கம்ப்யூட்டர் 1,024ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

விற்பதற்கு முன்

அழித்த படம் திரும்ப வரும் என்பது நல்ல செய்தி. அதுவே கெட்ட செய்தியும்கூட. நம் பழைய கார்டு வேறொருவர் கைக்குப் போனால், நாம் அழித்த படங்களை அவரும் மீட்க முடியும். வீட்டுப் பெண்களின் படம், ஆதார் அட்டையின் படம், வங்கிப் புத்தகத்தின் படம் எல்லாம் அதில் இருந்திருக்கும்.

போனை விற்கும்போது மெமரி கார்டை எடுத்து நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் தேவையானவற்றைப் பிரதி எடுத்துவிட்டு, போனை முழுமையாக ரீசெட் செய்ய வேண்டும். இப்போதைய ஸ்மார்ட்போன்களில் இப்படிச் செய்தால் தகவலைத் திறக்கும் சாவியே அழிந்துவிடும். வேண்டாத கார்டைக் குப்பையில் அப்படியே போடக் கூடாது. இரண்டாக உடைத்துவிடுவதே நல்லது.

இரண்டு இடம்

விதைநெல்லை யாரும் ஒரே குதிரில் வைப்பதில்லை. படமும் கணக்கும் அப்படித்தான். ஒரே இடத்தில் இருப்பது பாதுகாப்பு அல்ல. போனில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று வையுங்கள். முடிந்தால் மூன்றாவது பிரதியை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். இணையச் சேமிப்பிலும் வைக்கலாம். பள்ளிச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் போன்ற பல ஆவணங்களை மத்திய அரசின் டிஜிலாக்கரிலும் பெறலாம். அது 2015இல் தொடங்கப்பட்டது. மிக முக்கியமான படங்களைத் தாளில் அச்சிட்டும் வையுங்கள்.

கடையில் என்ன நடந்தது?

இளைஞர் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். மென்பொருள் ஒரு மணி நேரம் தேடியது. படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. குழுவின் கணக்கு நோட்டுப் படங்கள் எல்லாம் வந்தன. அப்பாவின் படங்களில் பெரும்பாலானவை வந்தன. சில படங்களில் பாதி முகம்தான் தெரிந்தது. மீதி சாம்பல் நிறமாக இருந்தது. அந்த இடத்தில்தான் சினிமாப் பாட்டு உட்கார்ந்திருந்தது.

கடைசியில் ஒரு குரல் ஒலித்தது. அப்பாவின் தாலாட்டு. அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, இதை இன்னொரு பென் டிரைவிலும் ஏற்றிக் கொடு. எங்கள் அண்ணன் வீட்டில் ஒன்று இருக்கட்டும்" என்றார்.

நினைவில் கொள்வோம்

1. தவறி அழித்தால் உடனே கார்டை எடுத்துவிடுவோம். புதிதாக எதையும் ஏற்ற மாட்டோம்.
2. வெளியேற்றும் கட்டளை கொடுத்த பிறகே பென் டிரைவை எடுப்போம்.
3. வெயிலிலும் வெப்பத்திலும் வைக்க மாட்டோம்.
4. வருடம் ஒரு முறை திறந்து பார்ப்போம்.
5. முக்கியமானதை இரண்டு இடங்களில் வைப்போம்.
6. பழைய கார்டை விற்க மாட்டோம்.

பேசிப் பார்ப்போம்

1. அழித்த படம் எப்படித் திரும்ப வந்தது? சிலேட்டையும் பொருளடக்கத்தையும் வைத்துச் சொல்லுங்கள்.
2. சில படங்கள் மட்டும் பாதியாக வந்தது ஏன்?
3. உங்கள் போனில் இழக்கக் கூடாத படங்கள் எவை? அவை இப்போது எத்தனை இடங்களில் இருக்கின்றன?