கேமரா தாங்கியில் உணரி: 5 வோல்ட் தாங்குமா?

டிரோன் காற்றில் தள்ளாடினாலும் அதில் பொருத்திய கேமரா ஆடாமல் படம் பிடிக்கிறது. 'கிம்பல்' எனும் தாங்கியே அதற்குக் காரணம். கேமரா எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஓர் உணரி கண்டறிகிறது. கட்டுப்பாட்டுப் பலகை உடனே மோட்டார்களை எதிர்ப்பக்கம் திருப்பிச் சாய்வைச் சரிசெய்கிறது.

கிம்பலைச் சொந்தமாகச் செய்து பார்ப்போர் பலர் எம்பியூ-6050 சில்லு கொண்ட உணரி அட்டையைப் பயன்படுத்துகின்றனர். இந்தச் சில்லு 2.375 முதல் 3.46 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தில் இயங்கக்கூடியது. ஆனால், பழைய 8-பிட் கட்டுப்பாட்டுப் பலகைகள் பல 5 வோல்ட்டில் இயங்குபவை. இரண்டையும் இணைக்கலாமா?

இணைக்க வேண்டிய முக்கியக் கம்பிகள் நான்கு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. இவற்றைத் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

பரவலாகக் கிடைக்கும் ஜிஒய்-521 அட்டையில், 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் சீராக்கி உண்டு. எனவே, மின்சாரக் கம்பியில் 5 வோல்ட் கொடுத்தாலும் சில்லுக்குப் பாதிப்பில்லை.

தகவல் கம்பிகளோ சீராக்கி வழியாகச் செல்வதில்லை. நேரே சில்லைச் சென்றடைகின்றன. 1982ல் ஃபிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'ஐ-ஸ்கொயர்-சி' முறையில் அவை இயங்குகின்றன. இம்முறையில் சாதனங்கள் கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழே மட்டுமே இழுக்கும். மீண்டும் மேலே ஏற்றுவது ஒரு மின்தடை. அந்த மின்தடை 5 வோல்ட்டுடன் இணைந்திருந்தால், தகவல் கம்பியின் மின்னழுத்தம் சில்லின் வரம்பைத் தாண்டக்கூடும். சில்லு பழுதடையும் அபாயம் அங்குதான் உள்ளது.

3.3 வோல்ட்டுடன் இணைந்திருந்தால் சில்லு தப்பிக்கும். ஆனால் வேறொரு சிக்கல் வரலாம். 5 வோல்ட்டில் இயங்கும் ஏடிமெகா328 கட்டுப்படுத்தி, தகவல் கம்பியில் குறைந்தது 3.5 வோல்ட் இருந்தால்தான் அதை 'உயர்நிலை' என உறுதியாக ஏற்கும். 3.3 வோல்ட் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் எல்லையோரத்தில் நிற்கும். மேசைமீது நன்றாக இயங்கிய கிம்பல், மோட்டார்கள் எழுப்பும் மின்னிரைச்சல் சேர்ந்ததும் தடுமாறி, கேமராவை வெட்டி இழுக்கலாம்.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. உணரியை இணைக்கும் முன், பலகைக்கு மின்சாரம் கொடுத்து, அதன் தகவல் முனைகளுக்கும் தரைமுனைக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 3.3 வோல்ட் காட்டினால் நேரடியாக இணைக்கலாம். 5 வோல்ட் காட்டினால் இடையில் மின்னழுத்த மாற்றி அட்டை ஒன்றைப் பொருத்துங்கள். அது இரு பக்கத்துக்கும் உரிய அளவைத் தந்துவிடும்.

அட்டையில் '5 வோல்ட்' என்று அச்சிட்டிருப்பது மின்சாரக் கம்பிக்கு மட்டுமே. தகவல் கம்பிக்கும் அது பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.